மீன் பழைய வெர்ஷன் இல்லை

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் ஒரு மீன். அடுத்து கரையேறும் ஏதோ பல்லி மாதிரி ஒரு பிராணி, பிறகு குரங்கு, பிறகு கூன் விழுந்த மனிதன், பிறகு நிமிர்ந்த மனிதன். வலது ஓரத்தில், படம் போடும் நிறுவனத்தின் வசதிக்கேற்ப, லேப்டாப் வைத்திருக்கும் ஒருவர் அல்லது ஒரு ரோபோ கை. கீழே கொட்டை எழுத்தில் "பரிணமி, இல்லையேல் அழிந்துபோ" என்ற பொருளில் ஒரு ஆங்கில வாசகம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று நான் வேலை நிமித்தம் உட்கார்ந்த பயிற்சி அறைகளில் பாதியிலாவது இந்த ஸ்லைடு ஓடியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கத்தோடு வந்தவர்கள். "நீங்க இன்னும் மீனா இருக்கீங்களா, மனுஷனா மாறிட்டீங்களா?" என்று பயிற்சியாளர் கேட்பார். கொஞ்சம் சிரிப்பு வரும். அடுத்த ஸ்லைடு.

இந்தப் படம் பொய். உயிரியல் தெரிந்தவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள், யாரும் கேட்டதில்லை. ஆனால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் மீன்களின் ஜீனோம்களை ஒன்றோடொன்றும் நம்முடையதோடும் வைத்து ஒப்பிட்டதில், இந்தப் பொய்யை குரோமோசோம் குரோமோசோமாக அம்பலப்படுத்த முடிகிறது. அதையும் யாரும் கேட்கவில்லை. மென்பொருள் எழுதுகிறவன் இதில் ஏன் தலையிடுகிறேன் என்றால், "வெர்ஷன்", "அப்கிரேடு" என்ற இரண்டு சொற்களையும் இந்தப் படத்துக்குக் கடன் கொடுத்தது என் தொழில்.

வெர்ஷன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த வரையில் முதுகெலும்பிகளின் வரலாற்றில் நடந்த மிகப்பெரிய "ரிலீஸ்" எது என்றால், ஜீனோம் முழுவதும் இரட்டிப்பானதுதான். ஒரு மரபணு இரண்டாவது அல்ல, எல்லா குரோமோசோம்களும் ஒரே வீச்சில் இரண்டு செட்டாக ஆவது. 1970-இல் சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் மரபணு இரட்டிப்பால் நடக்கும் பரிணாமம் பற்றிய தன் புத்தகத்தில் இதை வாதிட்டபோது பலருக்கு அது துணிச்சலான ஊகம். இன்று அது கிட்டத்தட்ட பாடப்புத்தகச் செய்தி. முதுகெலும்பிகளின் ஆதி வம்சத்தில், ஏறக்குறைய ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டு சுற்று இரட்டிப்பு நடந்தது. உடலின் முன்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஆம்ஃபியாக்ஸஸில் ஒரே தொகுதியாக இருக்கின்றன. நமக்கு நான்கு தொகுதிகள், 2, 7, 12, 17 ஆகிய குரோமோசோம்களில். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிய தடம் அது.

நாம் அங்கேயே நின்றுவிட்டோம். மீன்கள் நிற்கவில்லை. கட்லா, ரோகு, விரால், கெளுத்தி, ஜிலேபி, கொடுவா, வஞ்சிரம், மத்தி என்று நாம் சாப்பிடும் எலும்பு மீன்கள் அத்தனையும் அடங்கும் டெலியோஸ்ட் வம்சத்தில், முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன் மூன்றாவது இரட்டிப்பு நடந்தது. சாதாரணக் கெண்டைக்கும் சால்மனுக்கும் அதற்கு மேல் நான்காவது ஒன்றும் உண்டு. ஸ்லைடு போடுகிறவர் வெர்ஷன் எண்ணில் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர் என்றால், கேன்டீனில் குழம்பில் கிடக்கும் ஜிலேபி அவரைவிட ஒரு வெர்ஷன் மேலே. படத்தை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போடச் சொல்லலாம்.

திருப்பிப் போட்டாலும் அது பொய்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இது எப்படித் தெரிந்தது? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு ரெப்போசிட்டரியை ஃபோர்க் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் 1 முதல் 10 வரை பத்து மாட்யூல்கள். இப்போது இரண்டு பிரதிகள், இரண்டிலும் பத்துப் பத்து. எல்லாமே இரண்டிரண்டு இருப்பதால் ஒன்றில் எது அழிந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. காலப்போக்கில் முதல் பிரதியில் 2, 5, 6, 9 அழிகின்றன. இரண்டாம் பிரதியில் 1, 3, 4, 8, 10 அழிகின்றன. 7 மட்டும் இரண்டிலும் மிஞ்சுகிறது. முதலாவதில் இருப்பது 1, 3, 4, 7, 8, 10. இரண்டாவதில் 2, 5, 6, 7, 9. இந்த இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவை இரட்டைப் பிள்ளைகள் என்று எவராலும் சொல்ல முடியாது. பொதுவாக இருப்பது ஒரே ஒரு மாட்யூல். ஃபோர்க் ஆகாத மூலப் பிரதி, அதாவது பத்தும் வரிசையாக இருக்கும் ஒன்று, கையில் கிடைத்தால் மட்டுமே விஷயம் புரியும். அதன் மேல் இரண்டையும் படியவைத்தால் பல்சக்கரம் பல்சக்கரத்தில் விழுவதுபோல மாறிமாறிப் பொருந்தும்.

2004-இல் டெட்ராடன் நைக்ரோவிரிடிஸ் என்ற மீனின் ஜீனோம் வெளியானபோது இதைத்தான் செய்தார்கள். இலங்கை முதல் இந்தோனேசியா வரை கழிமுகங்களில் வாழும், பச்சைப் புள்ளி போட்ட சின்னப் பேத்தை அது. நம் மீனவர்கள் வலையில் வந்தால் தூக்கி எறியும் ஜாதி. அதன் 21 ஜோடி குரோமோசோம்களை மனித குரோமோசோம்களோடு ஒப்பிட்டபோது, மனிதனின் ஒரு பகுதிக்குப் பேத்தையின் இரண்டு குரோமோசோம்கள் மாறிமாறிப் பொருந்தின. ஒரு இடத்தில் மட்டுமல்ல, ஜீனோம் முழுக்க. இரட்டிப்புக்கு முன் இருந்த ஆதி மீனுக்கு 12 குரோமோசோம்கள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2007-இல் ஜப்பானியர்கள் மெடாக்கா மீனை வைத்து அதை 13 என்று திருத்தினார்கள்.

இந்த ஒப்பீட்டில் ஃபோர்க் ஆகாத மூலப் பிரதியாக, பழைய வெர்ஷனாக உட்கார்ந்திருந்தது யார்? மனிதன்.

அதுவும் நல்ல பழைய வெர்ஷன் கிடையாது. பாலூட்டிகளின் குரோமோசோம்கள் உடைந்து ஒட்டிக் குழம்பிப் போனவை. மேலான ஒரு சாட்சி 2016-இல் வந்தது, புள்ளி கார் என்ற வட அமெரிக்க மீன். கார் வம்சம் டெலியோஸ்ட் இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துவிட்டது, ஆகவே அதற்கு மூன்றாம் சுற்று இல்லை. அதன் 29 ஜோடி குரோமோசோம்களில் பல, கோழியின் குட்டிக் குரோமோசோம்களோடு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன. கோழியும் காரும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவ்வளவு காலம் அந்தப் பெட்டிகள் உடையாமல் வந்திருக்கின்றன. மனிதனை நேரே வரிக்குதிரை மீனோடு ஒப்பிட்டால் தெரியாமல் போகும் பல உறவுகள், நடுவில் காரை வைத்தால் தெரிகின்றன. (இதே குடும்பத்தைச் சேர்ந்த அலிகேட்டர் கார் என்ற முரட்டு மீன் நம் ஊர் அலங்கார மீன் வியாபாரத்தில் குஞ்சாக விற்கப்பட்டு, வளர்ந்ததும் தொட்டி பற்றாமல் ஏரியில் விடப்படுகிறது. 2023-இல் ஸ்ரீநகர் தால் ஏரியில் ஒன்று சிக்கியது. அது வேறு சண்டை.)

சரி, அப்படியானால் மீன்தான் மேலே என்று எடுத்துக்கொள்ளலாமா? இங்கேதான் எங்கள் தொழில்காரர்கள் இன்னொரு வழியாக உள்ளே வருவார்கள். "பாத்தியா, இயற்கையே பேக்கப் வெச்சிருக்கு. ரிடன்டன்சிதான் இன்னோவேஷன்." ஒரகடத்தில் கார் கம்பெனிக்காரர்களிடம் சொன்னால் இன்னும் பிரகாசமாகி, ஒரே பிளாட்பார்ம் மீது ஐந்து மாடல் செய்வதோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் தப்பு. பிளாட்பார்ம் என்பது திட்டம். ஒருவர் உட்கார்ந்து வரைந்து, செலவு கணக்குப் பார்த்து, ஒப்புதல் வாங்கியது. ஜீனோம் இரட்டிப்பு என்பது செல் பிரிதலில் நேர்ந்த ஒரு பிழை. அது நடந்ததால் அந்த மீனுக்கு அன்று என்ன லாபம் என்று கேட்டால், லாபம் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரட்டிப்பான மரபணுக்களில் பெரும்பாலானவை பிறகு அழிந்தே போயின. இன்றைய டெலியோஸ்ட் மீன்களில் ஜோடியாக மிஞ்சியிருப்பவை, மீனுக்கு மீன் மாறும், சுமார் ஐந்தில் ஒன்று.

மிஞ்சியவையும் என்ன காரணத்தால் மிஞ்சின என்று பாருங்கள். என்கிரெயில்டு என்று ஒரு மரபணு. எலியில் ஒரே பிரதி இரண்டு இடத்தில் வேலை செய்கிறது, முன்னங்கால் மொட்டிலும், பின்மூளை மற்றும் தண்டுவட நரம்பணுக்களிலும். வரிக்குதிரை மீனில் இரண்டு பிரதிகள். ஒன்று மார்புத் துடுப்பு மொட்டில் மட்டும், மற்றது நரம்பணுக்களில் மட்டும். முன்னேற்றம் மாதிரி தெரிகிறது, வேலைப் பகிர்வு, சிறப்புத் தேர்ச்சி என்றெல்லாம் பெயர் வைக்கத் தோன்றும். 1999-இல் இதை விளக்கியவர்கள் சொன்னது அதற்கு நேர் எதிர். ஒரு பிரதியில் ஒரு சுவிட்ச் கெட்டுப்போனது. மற்றப் பிரதியில் இன்னொரு சுவிட்ச் கெட்டுப்போனது. இப்போது எதையும் தூக்கி எறிய முடியாது, இரண்டும் இருந்தால்தான் பழைய ஒரே வேலை நடக்கும். புதிதாக எதுவும் பெறாமல், இரண்டு பேரும் பாதி இழந்ததால் இரண்டு பேரும் அவசியமாகிவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதற்கு லெகசி கோட் என்று பெயர், யாரும் இதை டவுன்ஹால் மீட்டிங்கில் பெருமையாகக் காட்ட மாட்டோம்.

மூன்றாம் இரட்டிப்பால்தான் டெலியோஸ்ட்கள் முப்பதாயிரம் இனங்களாகப் பெருகின, இரட்டிப்பு இல்லாத கார் ஏழே இனங்களோடு நின்றது என்று ஒரு கவர்ச்சியான வாதமும் உண்டு. இருக்கலாம். ஆனால் இரட்டிப்புக்கும் பெருக்கத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிக் காரணம் சொல்ல ஆய்வாளர்களே இன்னும் தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். பவர்பாயின்ட்காரர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

எண்ணிக்கை, அளவு எதை வைத்தும் ஏணி கட்ட முடியாது. மனிதக் குரங்குகளுக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. இரண்டு ஒட்டிக்கொண்டு நம் இரண்டாம் குரோமோசோம் ஆனது. டெலியோஸ்ட்களில் மிகவும் சகஜமான எண்ணும் 24-தான், கொடுவாவுக்கு அதுவே. ஜிலேபிக்கு 22, அங்கேயும் இதே ஒட்டுவேலை. முதுமலைக் காட்டில் நாய் மாதிரி குரைக்கும் கேளையாட்டுக்கு, பெண்ணுக்கு மொத்தம் ஆறே குரோமோசோம், ஆணுக்கு ஏழு. அதன் சீனத்து உறவுக்கு 46. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் மான் என்றுதான் சொல்வீர்கள். சிட்னி பிரென்னர் 1993-இல் ஜீனோம் ஆய்வுக்குத் தகுந்த மீன் என்று முன்வைத்த ஃபுகுவின் ஜீனோம் நம்முடையதில் எட்டில் ஒரு பங்கு அளவுதான், மரபணுக்கள் ஏறக்குறைய நம் அளவுக்கே. 2024-இல் வெளியான தென் அமெரிக்க நுரையீரல் மீனின் ஜீனோமோ நம்முடையதைப்போல் முப்பது மடங்கு. சிங்கப்பூரில் பிரென்னரோடு வேலை பார்த்த பைரப்பா வெங்கடேஷின் குழு 2014-இல் யானைச் சுறாவின் ஜீனோமை வெளியிட்டது. அதுவரை பார்த்த முதுகெலும்பிகளிலேயே மிக மெதுவாக மாறும் ஜீனோம் அது. நாற்பது கோடி ஆண்டுகளாக அது "பரிணமிக்காமல்" அழிந்துபோயிற்றா? ஆஸ்திரேலியாவில் பிடித்து வறுத்துச் சாப்பிடுகிறார்கள்.

அடிப்படையான கோளாறு அந்தப் படத்தின் முதல் கட்டத்திலேயே இருக்கிறது. "மீன்" என்று ஒரு படி கிடையாது. நுரையீரல் மீனும் சீலகாந்தும் நெத்திலிக்கு உறவா, நமக்கு உறவா என்றால் நமக்குத்தான் கிட்டத்து உறவு. இன்று உயிரோடிருக்கும் எந்த மீனும் நம் பாட்டன் அல்ல, எல்லாரும் பங்காளிகள். நம் ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் டென்மார்க் படை அதிகாரி டால்டார்ஃப், பனைமரப் பட்டையின் வெடிப்பில் தண்ணீருக்கு மேலே ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797-இல் அது வந்தது. பனையேறிக் கெண்டை. பனை ஏறுகிறதோ இல்லையோ, காற்றைச் சுவாசிக்கும், மழை பெய்த ஈரத்தில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றிக் கரையில் நகரும். பார்க்கிறவர் உடனே "மனுஷனா மாறப் பாக்குது" என்பார். இல்லை. அது கொடுவா, ஜிலேபி கூட்டத்தைச் சேர்ந்த டெலியோஸ்ட். காற்றைச் சுவாசிக்க அது வைத்திருப்பது நம் நுரையீரலின் முதல் வரைவு அல்ல, செவுளுக்கு மேலே அதுவாகச் செய்துகொண்ட தனி உறுப்பு. நம் பக்கமாக அது வந்துகொண்டிருக்கவில்லை.

இந்த ஏணியை விற்பவர்கள் கார்ப்பரேட்காரர்கள் மட்டும் இல்லை. மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரமே பரிணாமக் கொள்கைதான் என்ற ஃபார்வர்டு உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு மேடையில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரே இதைச் சொன்னார். ராமானுஜர் பிறந்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டு சொல்கிறேன், மச்சாவதாரத்தைக் கும்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கும்பிடுவது குரோமோசோமை அல்ல. சண்டை, அந்த வரிசைக்கு அறிவியல் சான்றிதழ் ஒட்டுகிறவர்களோடு. இந்த ஒப்பீடு ஆதிகாலத்து ரிஷி சொன்னதும் இல்லை. 1877-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் தன் ஆங்கிலப் புத்தகத்தில் எழுதி, பிறகு பிரபலமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஏணிக்கு நம் பெருமாளை ஆள் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் சும்மா பேச்சு என்று விட்டுவிடவும் முடியாது. 2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் அதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது, நல்லவேளை.

"உவமைதானே பாஸ், எதுக்கு இவ்ளோ சீரியஸ் ஆகுற?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உவமை யாருக்கு எதிராக வேலை செய்கிறது என்று பார்ப்பதால் சீரியஸ் ஆகிறேன். பரிணாமம் எந்தத் தனி உயிரும் செய்கிற காரியம் அல்ல. எந்த மீனும் பரிணமித்ததில்லை. தலைமுறைகள் வழியாக மீன் கூட்டங்கள் மாறின. 27 வயது ஒப்பந்தத் தொழிலாளியைப் பார்த்துப் "பரிணமி" என்று சொல்வதற்கு உயிரியலில் பொருளே இல்லை. ஆனால் அந்த அறையில் அதற்குப் பொருள் இருக்கிறது. உன்னை வெளியே அனுப்பப்போவது ஒரு மேனேஜர் அல்ல, ஒரு பட்ஜெட் அல்ல, இயற்கை என்று அதற்குப் பொருள்.

இந்தப் பகுதியில் இதற்குப் பெரிய உதாரணம் நோக்கியா. அந்த ஆலை மூடியதைப் பற்றிப் பயிற்சியாளர்கள் இன்றும் சொல்வது, "டைனோசர் மாதிரி, மாறல, அழிஞ்சிடுச்சு." நடந்ததைத் தேதியோடு பார்ப்போம். 2005-இல் மாநில அரசோடு ஒப்பந்தம், 2006-இல் உற்பத்தி. பல்லாயிரம் பேர் வேலை, பெண்களே அதிகம். 2013-இல் வருமான வரித்துறை சோதனை. போனில் ஏற்றப்படும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடித்தம் செய்யவில்லை என்று சுமார் 2,000 கோடி ரூபாய் கோரிக்கை. சொத்துகள் முடக்கம். அந்த முடக்கத்தால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையை ஒப்படைக்க முடியவில்லை. ஆலை மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த உற்பத்தியாளராக நின்றது. மைக்ரோசாஃப்ட் போன் உற்பத்தியை வியட்நாமின் ஹனோயில் குவிக்க முடிவெடுத்தது, இங்கே தந்த ஆர்டரை நிறுத்தியது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1, உற்பத்தி நின்றது.

ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா உலகம் முழுக்கத் தோற்றது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே உள்ள வரிசையில் ஒவ்வொரு அடியிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது. வரித்துறையின் கையெழுத்து, நிறுவனத்தின் கையெழுத்து, வாங்கியவரின் கையெழுத்து. சாலிடரிங் லைனில் நின்ற பெண் எதைக் கற்றுக்கொண்டிருந்தால், எப்படிப் "பரிணமித்திருந்தால்", ராயல்டி மீதான வரிப் பிடித்த வழக்கு தீர்ந்திருக்கும்?

அழிந்துபோன உயிரினத்தின் எலும்பும் அங்கே கிடக்கவில்லை. 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது, இப்போது அங்கே போன் சார்ஜர்கள் தயாராகின்றன. அதே கட்டடம், அதே ரோடு. இந்தப் பக்கம் ஆள் எடுக்கும் நோட்டீஸ்களில் என் கண்ணில் படும் வயது வரம்பு பெரும்பாலும் 18 முதல் 28. 2014-இல் இருபத்தைந்து வயதில் வெளியே வந்த பெண்களுக்கு இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.